விறாந்தையில ஆறு பேர் இருக்கேக்க ஒரே தரத்தில ஒரு லீற்றர் போர் ஓவர் கோப்பி வடிக்கிறது எப்பிடி

ஞாயிற்றுக்கிழமை காலமைச் சாப்பாடு முடிஞ்ச கையோட ஆறு பேர் விறாந்தையில இருந்து கதைக்கினம், நீங்கள் குசினியில சின்ன வி60, அதாவது கூம்பு மாதிரிக் கோப்பி வடிக்கிற டிரிப்பர், ஒண்டை வச்சுக்கொண்டு ஒராளுக்கு வடிச்சுக் கொண்டுபோய்க் குடுக்கிறியள், திரும்பி வந்து அடுத்த ஆளுக்கு அரைக்கிறியள், தண்ணி கொதிக்க விடுறியள், ஊத்துறியள். ஆறாவது ஆளின்ர கையில கோப்பை போகேக்க முதல் ஆள் குடிச்சு முடிச்சு வெறுங்கோப்பையோட இருப்பார். உங்களுக்கு ஒரு கதையும் கேட்டிராது. எங்கட வீடுகளில கோப்பி எண்டுறது எல்லாரும் ஒண்டா இருந்து குடிக்கிற சாமான், ஒராள் ஒராளா வரிசையில நிண்டு வாங்கிறது இல்லை. அதுக்காகத்தான் நான் பெருசா வடிக்கப் பழகினன், பழகின முழுதையும் இதில எழுதுறன்.

முதலே சொல்லிடுறன், இது சென்னைப் பக்கம் செய்யுற டிக்காசன் பில்ரர் கோப்பி இல்லை. கூம்பு மாதிரி ஒரு டிரிப்பர், அதுக்குள்ள கடதாசி, அதுக்குள்ள கோப்பித்தூள், மேலால சுடுதண்ணி, அவ்வளவுதான்.

முதல் தரம் பெருசா வடிச்ச நாள் எனக்கு நல்ல ஞாபகம். தனி ஆளுக்கு 15 கிராமுக்கு 250 மில்லி தண்ணி விடுறனான், அதை அப்பிடியே நாலு மடங்காக்கி 60 கிராமும் ஒரு லீற்றரும் எண்டு போட்டன், அரைக்கிற பருமனில கை வைக்கேல்ல. நாலாவது நிமிசத்தில தண்ணி கூம்புக்குள்ள குளம் மாதிரி நிண்டிட்டுது, சொட்டு சொட்டா விழுகுது, முழுக்க இறங்க 11 நிமிசம் எடுத்தது. பெரியம்மா ஒரு வாய் குடிச்சிட்டு ஒண்டும் சொல்லாமல் சீனிப் போத்தலை எடுத்தா. நாக்கு ஒட்டிப் பிடிக்கிற கயர், பின்னால கைப்பு. கொட்டை நல்லது, தண்ணியும் அதே தண்ணிதான், பிழை முழுக்க நான் மடங்காக்கின விதத்தில இருந்தது.

ஏனெண்டால் தூள் கூடக்கூட கூம்புக்குள்ள தூளின்ர ஆழமும் கூடும். தண்ணி அந்த ஆழம் முழுக்க ஊறித்தான் வெளியில வரவேணும், மாப்போல இருக்கிற நுண்ணிய தூள் எல்லாம் கீழ போய்க் கடதாசியின்ர கண்ணை அடைக்கும், பிறகு தண்ணி இன்னும் மெதுவாப் போகும். கோப்பியில நல்ல புளிப்பும் இனிப்பும் முதல்ல கரையும், கைப்பும் கயரும் கடைசியிலதான் கூட வரும், கன நேரம் தண்ணி நிண்டா அது ரெண்டும்தான் கோப்பைக்குள்ள இறங்கும். அதால பெருசா வடிக்கேக்க தூளுக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதத்தைத் தொடாதேங்கோ, அரைவைப் பெருசாக்குங்கோ, ஊத்துற வேகத்தைக் கூட்டுங்கோ. மிச்சம் எல்லாம் இதுக்குள்ள அடங்கும்.

கையில என்ன இருக்கவேணும்

வி60 எண்டால் 02 சைஸ் காணாது. அதில 30, 35 கிராம் வரைக்கும் வசதி, அதுக்கு மேல தண்ணி விளிம்பில வந்து நிக்கும். 60 கிராமுக்கு 03 சைஸ் வேணும், அதுக்குரிய 03 கடதாசியும் வேணும், 02 கடதாசியைப் பெரிய கூம்பில வச்சு ஒப்பேத்த வெளிக்கிட்டா தூள் விளிம்பால வழிஞ்சு கீழ போகும். பிளாஸ்ரிக் டிரிப்பரே நல்லது, மலிவு, சூட்டையும் உறிஞ்சி எடுக்காது. பீங்கான் வடிவுதான், ஆனா அதை நல்லாச் சூடாக்காமல் வச்சா முதல் ஊத்தின தண்ணியின்ர சூட்டை அதுவே குடிச்சிடும்.

கெமெக்ஸ் இருந்தா இன்னும் லேசு, கூம்பும் சாடியும் ஒண்டாவே வரும். 1941இல ஒரு வேதியியல்காரர் செய்தது, பாத்தாலே ஆய்வுகூடக் குடுவை மாதிரித்தான் இருக்கும். அதின்ர கடதாசி தடிப்பு, அதால கோப்பி நல்லாத் தெளிவா வரும், ஆனா இறங்க ஒரு நிமிசம் கூட எடுக்கும், அரைவையை அதுக்கேத்த மாதிரி இன்னும் கொஞ்சம் பெருசாக்கவேணும். கடதாசியின்ர மூண்டு மடிப்பு உள்ள பக்கம் மூக்குப் பக்கமா இருக்கோணும். ஒற்றைப் பக்கம் அங்க வந்தா ஈரக் கடதாசி மூக்கு வாய்க்காலுக்குள்ள ஒட்டி, காத்து வெளியேற வழியில்லாமல் தண்ணி நிண்டிடும், அப்பிடி நிண்டா ஒரு மெல்லிய கரண்டிக் காம்பை அந்த வாய்க்காலுக்குள்ள விட்டு ஒருக்கா இளக்கி விடுங்கோ, உடன ஓடும்.

தராசு விசயத்தில ஒருக்கா யோசிச்சு வாங்குங்கோ. கோப்பிக்கெண்டு விக்கிற சின்னத் தராசுகள் கனக்க 2 கிலோவோட நிண்டிடும். கண்ணாடிச் சாடி 600 கிராம், டிரிப்பர், தூள், ஒரு லீற்றர் தண்ணி எல்லாம் சேர 2 கிலோவைத் தொடப் பாக்கும், நடுவில திரை அணைஞ்சு போனால் எவ்வளவு ஊத்தினது எண்டு தெரியாமல் நிப்பியள். சைபராக்கினாலும் பாரம் பாரம்தான். மரக்கறி நிறுக்கிற 5 கிலோ டிஜிற்றல் தராசு போதும், ஒரு கிராம் வித்தியாசம் காட்டினாக் காணும்.

கேத்தில் சாதாரண 1.7 லீற்றர் கரண்ட் கேத்திலே போதும். கொக்குக் கழுத்துக் கேத்தில் ஒராள் கோப்பிக்கு அருமையான சாமான், ஆனா அதுகள் பெரும்பாலும் ஒரு லீற்றருக்குள்ளதான் பிடிக்கும், பெரிய வடிப்புக்கு நடுவில தண்ணி முடிஞ்சிடும். 60 கிராம் தூள் இருக்கிற படுக்கை ஆழமானது, கொஞ்சம் தடிப்பா விழுகிற தண்ணியைத் தாங்கும்.

முதல் நனைக்கிறதுக்கு மட்டும் மெல்லிய ஓட்டம் இருந்தா நல்லது, அதுக்கு நான் அம்மம்மாவின்ர பித்தளை மூக்குப்பேணியைப் பாவிக்கிறன். முதல்ல சுடுதண்ணியால பேணியைச் சூடாக்கி ஊத்திப்போட்டு, பிறகு கொதிதண்ணியை முக்கால்வாசிக்கு விட்டு, துணியால சுத்திப் பிடிச்சுக்கொண்டு சரிச்சா, அந்த மூக்கால பென்சில் தடிப்பில நேரா ஒரு நூல் இறங்கும், தூளில ஒரு பள்ளமும் விழாது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறதுக்கெண்டு செய்த மூக்கு, தண்ணியை அளவா விடுறதுக்குத்தானே அதைச் செய்தவை. வெறுங்கையால பிடிக்காதேங்கோ, பித்தளை உடன சுடும்.

பிறகு ஒரு லீற்றருக்கு மேல பிடிக்கிற உருக்கு பிளாஸ்க் ஒண்டு. இது கட்டாயம்.

தண்ணி

யாழ்ப்பாணத்துக் கோப்பிக்கு இதுதான் பெரிய விசயம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலின்ர அடியில வெள்ளையாப் படியிறது அந்தச் சுண்ணாம்புதான். அந்தத் தண்ணியில இருக்கிற காரத்தன்மை கோப்பியின்ர புளிப்பை அடக்கிப்போடும், பழ வாசம் உள்ள நல்ல கொட்டையும் அட்டை மாதிரிச் சப்பெண்டு வரும். சவர்த் தண்ணி எண்டால் கதைக்கவே தேவையில்லை. அதுக்காக ஆர்ஓ தண்ணியை மட்டும் தனிய விட்டாலும் சரிவராது, கோப்பியில உள்ளதை இழுத்தெடுக்க தண்ணியில கொஞ்சம் மக்னீசியமும் கல்சியமும் இருக்கவேணும், ஒண்டுமில்லாத தண்ணியில வடிச்சா உப்பில்லாத சொதி மாதிரி இருக்கும்.

நான் செய்யிறது, மூண்டு பங்கு ஆர்ஓ தண்ணி, ஒரு பங்கு எங்கட நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணி. கிணத்துத் தண்ணியை முதல்நாள் இரவே கொதிக்க வச்சு ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் எடுக்கிறன், கொதிக்கேக்க சுண்ணாம்பில ஒரு பங்கு அடியில படிஞ்சிடும். உங்கட ஊர்த் தண்ணி வேற மாதிரி இருக்கும், அதால ஒருநாள் ஒரே தூளை மூண்டு விதத் தண்ணியில சின்னனா வடிச்சு, ஆறவிட்டு, பக்கத்தில பக்கத்தில வச்சுக் குடிச்சுப் பாருங்கோ. நாக்கே சொல்லும். கேத்திலில படிஞ்சதுக்கு தேசிக்காய்ப் புளியைத் தண்ணியோட விட்டுக் கொதிக்க வச்சு அரை மணித்தியாலம் விட்டால் கழண்டு வரும்.

கொட்டையும் அளவும்

சிலோன் எண்டால் உலகத்துக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும், ஆனா 1869இல இலைத்துரு நோய் வந்து செடியளை அழிக்க முந்தி மலைநாடு கோப்பி நாடுதான், தமிழ்நாட்டில இருந்து கூலிக்கு ஆக்களைக் கொண்டு வந்ததும் முதல்ல கோப்பித் தோட்டத்துக்குத்தான். இப்ப திரும்ப மலைநாட்டில அராபிக்கா கோப்பி நல்லா வருது, அந்தக் கொட்டையை நடுத்தர வறுவலில வாங்குங்கோ, வறுத்த திகதி போட்ட பக்கெற் எண்டால் நல்லம். வறுத்து ஒரு கிழமையில இருந்து ஒரு மாதத்துக்குள்ள வடிக்கிறது திறம்.

மில்லில மாப்போல அரைச்ச வீட்டுக் கோப்பித்தூளை இந்தக் கடதாசியில போடவே போடாதேங்கோ, அது அடைச்சுக்கொண்டு நிக்கும். அந்தத் தூள் குறைவெண்டு நான் சொல்லேல்ல, அதுக்கு வேற வழி இருக்கு, கடைசியில சொல்லுறன்.

அளவு ஒரு லீற்றர் தண்ணிக்கு 60 கிராம் தூள். இதில ஒண்டைக் கனபேர் மறக்கினம், ஒரு கிராம் தூள் கிட்டத்தட்ட ரெண்டு கிராம் தண்ணியைத் தன்னோட வச்சுக்கொள்ளும். ஒரு லீற்றர் ஊத்தினா கீழ வாறது 880 மில்லி அளவுதான், எங்கட கோப்பையில ஒராளுக்கு 150 மில்லி விட்டால் ஆறு பேருக்குக் கொஞ்சம் இழுபறியா இருக்கும். நாலு பேருக்கு 600 மில்லி வேணுமெண்டால் 41 கிராம் தூள், 680 தண்ணி. எட்டுப் பேர் எண்டால் 82 கிராம், அதை ஒரே கூம்பில போடாதேங்கோ, 41 கிராமா ரெண்டு தரம் வடிச்சு பிளாஸ்க்கில சேருங்கோ. 65 கிராமுக்கு மேல ஒரே தரத்தில போனால் அடைக்கிற பிரச்சினை திரும்ப வந்திடும், நான் 75 வரைக்கும் பாத்திட்டுத்தான் சொல்லுறன்.

அரைவை தனி ஆள் கோப்பிக்கு சீனிப் பருமன் எண்டால், இதுக்கு அதைவிடத் தெளிவாப் பெருசு. விரலிடுக்கில எடுத்து உரசினா பருமணல் மாதிரித் தனித்தனியா உருளவேணும், விரலில மாவா ஒட்டக்கூடாது. கை கிரைண்டர் பெரும்பாலும் 20, 30 கிராம்தான் பிடிக்கும், அதால மூண்டு தரம் அரைக்கவேண்டி வரும், ஆக்கள் வர முந்தி அரைமணித்தியாலத்துக்கு உள்ள அரைச்சு மூடி வச்சா ஒண்டும் குறையாது. முதல்நாளே அரைச்சு வைக்காதேங்கோ.

இனி வடிக்கிறது

கேத்தில் நிறையத் தண்ணி விட்டு நல்லாக் கொதிக்க விடுங்கோ. கடற்கரை ஊர், இங்க தண்ணி 100 டிகிரியிலதான் கொதிக்கும், கொதிச்சு அரை நிமிசம் விட்டால் ஊத்துற சூடு சரியா வரும், கறுப்பா வறுத்த கொட்டை எண்டால் இன்னும் ஒரு நிமிசம் ஆறவிடுங்கோ. கடதாசியைத் தையல் உள்ள ஓரத்தால மடிச்சு வச்சு, 300 மில்லி அளவு சுடுதண்ணியைச் சுத்திவர ஊத்திக் கழுவுங்கோ, கடதாசி வாசமும் போகும், டிரிப்பரும் சாடியும் சூடாகும். அந்தத் தண்ணியை வெளியில ஊத்தாமல் அப்பிடியே பிளாஸ்க்குக்குள்ள விட்டு மூடுங்கோ, கோப்பி இறங்கும் வரைக்கும் பிளாஸ்க் சூடாகிக்கொண்டு இருக்கும். கேத்திலைத் திரும்ப அதின்ர கரண்ட் தட்டில வச்சுக் கொதிக்க விடுங்கோ.

60 கிராம் தூளைப் போட்டு டிரிப்பரைத் தட்டி மட்டமாக்குங்கோ, நடுவில விரலால ஒரு சின்னக் குழி. தராசைச் சைபராக்கி, போனில நேரத்தைத் துவங்கி, 150 கிராம் தண்ணி விடுங்கோ. மூக்குப்பேணி வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்த இடம்தான். தூள் முழுக்க நனையவேணும், பெரிய படுக்கையில அடியில காய்ஞ்ச கட்டியள் ஒளிச்சுக்கொண்டு இருக்கும், அதால ஒரு தேக்கரண்டியை அடிவரைக்கும் விட்டு, கடதாசி கிழியாமல் மெல்லமா நாலைஞ்சு தரம் கிண்டி விடுங்கோ. புதுக் கொட்டை எண்டால் உடன பொங்கும், மேல நுரை குமிழ் குமிழா வெடிச்சு, வறுத்த மல்லி மாதிரியும் பழம் மாதிரியும் ஒரு வாசம் எழும்பும், நான் எந்த அவசரத்திலயும் அதில ஒருக்கா முகத்தை வச்சுப் பாக்காமல் விடுறதில்லை. பொங்காமல் சேறு மாதிரிக் கிடந்தா கொட்டை பழசு எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

50 செக்கன் வந்த உடன பெரிய ஊத்து. நடுவில துவங்கி வட்டமா வெளிய வந்து திரும்ப நடுவுக்கு, கடதாசிச் சுவரில நேர ஊத்தாதேங்கோ, அது தூளைத் தொடாமல் ஓடிப்போகும். 1 நிமிசம் 30 செக்கன் வரேக்க தராசில 450 காட்டவேணும். இது சின்னக் கோப்பியை விட வேகமான ஊத்து, பயப்படாதேங்கோ, கேத்திலைக் கிட்டப் பிடிச்சால் தூள் கிளம்பாது. ஊத்தின உடன கேத்திலைத் தட்டில வச்சு ஆழியைத் திரும்பப் போடுங்கோ, கடைசி ஊத்துக்கும் சூடு வேணும்.

தண்ணி மூண்டில ஒரு பங்கு இறங்கினதும், கிட்டத்தட்ட 2 நிமிசத்தில, அடுத்த 300, அதாவது 750 வரைக்கும். படுக்கையை முழுக்க வடியவிட்டு ஊத்தாதேங்கோ, தண்ணி நிண்டுகொண்டு இருந்தாத்தான் சூடும் நிக்கும். 3 நிமிசம் 10 செக்கன் அளவில கடைசி 250ஐ விட்டு 1000 ஆக்குங்கோ. ஊத்தி முடிஞ்சதும் கரண்டியால ஒருக்கா வலப்பக்கம் ஒருக்கா இடப்பக்கம் மெல்லமா மேற்பரப்பைச் சுத்தி விட்டு, டிரிப்பரைப் பிடிச்சு ஒருக்கா ஆட்டி விடுங்கோ, சுவரில ஒட்டினது இறங்கும், படுக்கை மட்டமாகும்.

5 நிமிசம் 30 செக்கனில இருந்து 6 நிமிசம் 30 செக்கனுக்குள்ள தண்ணி மேற்பரப்பில இருந்து மறைஞ்சா சரி, கெமெக்ஸ் எண்டால் 7 வரைக்கும் போகலாம். கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருக்காதேங்கோ, மினுக்கம் மறைஞ்ச உடன டிரிப்பரைத் தூக்கிடுங்கோ. சாடியை ஒருக்கா வட்டமாச் சுழட்டுங்கோ, முதல் இறங்கினது கடுப்பமா அடியிலயும் கடைசி இறங்கினது மெல்லிசா மேலயும் கிடக்கும், சுழட்டாமல் ஊத்தினா ஆறு பேருக்கும் ஆறு கோப்பி. பிளாஸ்க்கில இருந்த தண்ணியைக் கொட்டிப்போட்டு கோப்பியை விட்டு மூடுங்கோ. ஒரு மணித்தியாலம் ருசி நிக்கும். அடுப்பில வச்சுத் திரும்பச் சூடாக்கவேண்டாம், அதோட கோப்பி செத்துப்போம்.

சரிவராட்டி

கைச்சா, கயர்த்தா, அல்லது 7 நிமிசத்துக்கு மேல இழுத்தா அரைவை கூடச் சின்னன், கிரைண்டரை ரெண்டு மூண்டு சொடுக்குப் பெருசாக்குங்கோ. 4 நிமிசத்தில ஓடி முடிஞ்சு, வெறும் புளிப்பா, உப்புக் கலந்த மாதிரித் தட்டினா பெருசாப் போயிட்டுது, கொஞ்சம் சின்னனாக்குங்கோ. ருசி நல்லம் ஆனா தண்ணித்தன்மை எண்டால் அரைவையில கை வைக்காமல் தூளை 65 ஆக்குங்கோ. ஒரு தரத்துக்கு ஒரு மாத்தம் மட்டும், ரெண்டை ஒண்டா மாத்தினா எது வேலை செய்தது எண்டு தெரியாது.

சின்ன டிரிப்பர்தான் இருக்கு, ஆக்கள் வந்திட்டினம் எண்டால் ஒரு வழி. 02இல 40 கிராம் தூளுக்கு 500 தண்ணி மட்டும் விட்டுக் கடுப்பமா வடிச்செடுத்து, பிறகு 160 மில்லி கொதிதண்ணியைச் சாடிக்குள்ள நேர விடுங்கோ. நாலு பேருக்குக் காணும். சில வறுவலுக்கு எனக்கு இதுதான் கூடப் பிடிச்சிருக்கு, கயர் குறைவு.

பால் விட்டுக் குடிக்கிற ஆக்களுக்கு லீற்றருக்கு 75 கிராம் கணக்கில வடியுங்கோ, இல்லாட்டிப் பால் விட்ட உடன கோப்பி காணாமல் போயிடும். அந்த அளவையும் 800 தண்ணிக்கு 60 எண்டு செய்தா கூம்பு தாங்கும். வெறுங்கோப்பிக்கு சீனியைக் கரைக்காமல் பனங்கட்டித் துண்டு ஒண்டைப் பக்கத்தில வையுங்கோ, கடிச்சுக் கடிச்சுக் குடிக்கேக்க கோப்பியின்ர ருசியும் கெடாது, பனங்கட்டியின்ர ருசியும் தனிய வரும். மல்லிக் கோப்பி கேக்கிற பெரியவைக்கு, வறுத்து ஒண்டிரண்டா இடிச்ச மல்லி 5 கிராமைத் தூளோட கலந்து இதே மாதிரி வடிச்சுக் குடுத்தனான், எங்கட மாமி ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடிச்சவ.

பன்னிரண்டு பேருக்கு மேல எண்டால்

இந்த முறையை விடுங்கோ, மனசாரச் சொல்லுறன். 1908இல ஜேர்மனியில மெலிட்டா பென்ற்ஸ் எண்ட அம்மா மகன்ர கொப்பியில இருந்த ஒற்றுத்தாளை எடுத்து வடிச்சுப் பாத்ததில துவங்கின விசயம் இந்தக் கடதாசி, ஒரு வீட்டுக்கு அது அருமை, ஒரு செத்தவீட்டுக்கோ எட்டுச் சிலவுக்கோ சரிவராது. அங்க எங்கட ஆக்கள் காலங்காலமாச் செய்யிறதுதான் சரி, பெரிய சட்டியும் துணியும். வீட்டுக் கோப்பித்தூளுக்கும் இதுதான் வழி.

தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை நிப்பாட்டி, லீற்றருக்கு 60 கிராம் கணக்கில தூளைப் போட்டு ஒருக்கா கிண்டி, மூடி 5 நிமிசம் விடுங்கோ, தூளோட சேத்துக் கொதிக்க விடாதேங்கோ. பிறகு தடிச்ச பருத்தித் துணியால, அவசரப்பட்டு முறுக்கிப் பிழியாமல், தானா வடியவிட்டு பிளாஸ்க்கில எடுங்கோ, பிழிஞ்சா மண்டியும் கைப்பும் இறங்கும். புதுத் துணி எண்டால் பாவிக்க முதல் ரெண்டு தரம் தண்ணியில அவிச்சுக் கஞ்சிப்பசையை எடுக்கவேணும். முடிஞ்ச பிறகு சவுக்காரம் போடாதேங்கோ, அந்த வாசம் அடுத்த கோப்பியில வரும். கொதிதண்ணியில அலசி, வெயிலில விரிச்சுக் காயவிட்டு, அடுத்த தரம் எடுக்கேக்க இன்னொருக்கா அவிச்செடுங்கோ.